காம்பாட் டிராக்கர் எழுதப்போகிறீர்களா? நான் விழுந்த குழிகள் இவை

மேசை ரோல்பிளேயிங் விளையாட்டை நடத்துகிறவருக்கு நிரல் எழுதவும் தெரிந்தால், அவர் கை முதலில் போவது, சண்டையில் யார் எப்போது ஆடுவது, யாருக்கு எவ்வளவு அடி என்று கணக்கு வைக்கும் டிராக்கரிடம்தான். பெயரைப் போடு, இனிஷியேட்டிவை (யார் முதலில் ஆடுவது என்று தீர்மானிக்கும் எண்) போடு, பெரிய எண்ணிலிருந்து கீழே அடுக்கு, ‘அடுத்து’ என்று ஒரு பொத்தான் வை, முடிந்தது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். சமீபத்தில் புதியவர்கள் இருவர் தங்கள் திட்டத்தைக் காட்டினார்கள். என் பழைய நோட்டைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. எழுத்து சின்னது, பொத்தான் கைக்கு எட்டவில்லை என்பதையெல்லாம் முதல் ஆட்டத்திலேயே நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## ‘எத்தனை ரவுண்டு’ என்று மட்டும் குறித்துவைப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வரும். இரண்டு திட்டங்களிலும் இது இருந்தது: ஒவ்வொரு எஃபெக்டுக்கும் (ஒருவர்மேல் சிறிது நேரம் நிற்கும் பாதிப்பு) ஒரு எண், ரவுண்டு (எல்லாரும் ஒருமுறை ஆடி முடிப்பது) முடிந்ததும் அதில் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனால் எஃபெக்ட் போய்விடும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும்.

எனக்கு நடந்தது இது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014 விதிகள். இனிஷியேட்டிவ் வரிசையில் ஓகர் என்ற அரக்கன் 18, ஆட்டக்காரர் ஒருவருடைய பாத்திரமான மங்க் (துறவி வீரர்) 5, அவர்தான் கடைசி. இரண்டாம் ரவுண்டில் மங்க் தன் சக்திக் கணக்கிலிருந்து ஒரு கி புள்ளியைச் செலவழித்து ஓகரை ஸ்டன் செய்தார், அதாவது செயலற்று நிற்கவைத்தார். விதிப்படி அது மங்கின் அடுத்த டர்ன் (அவர் ஆடும் முறை) முடியும்வரை நிற்கவேண்டும். நான் ‘1 ரவுண்டு’ என்று பதிந்திருந்தேன். ‘அடுத்து’ பொத்தானை அழுத்தினேன், ரவுண்டு முடிந்தது, ஸ்டன் போய்விட்டது. ஓகர் எழுந்து மங்கையே அடித்தது. ஆட்டக்காரர் என்னைப் பார்த்தார், நான் திரையைப் பார்த்தேன்.

அன்று இரவே 1 என்பதை 2 ஆக்கினேன். அடுத்த வாரம் அதே மங்குக்கு இனிஷியேட்டிவ் 20 விழுந்தது. இப்போது ஓகர் ஒரு டர்னுக்குப் பதில் இரண்டு டர்ன் மரம்போல நின்றது. எண்ணை எப்படி மாற்றினாலும் யாராவது ஒருவருக்கு அநியாயம் நடந்தது. தப்பு எண்ணில் இல்லை. ரவுண்டின் எல்லை என்பது நம் வசதிக்குப் போட்ட கோடு. பெரும்பாலான எஃபெக்டுகள் ஒருவருடைய டர்னோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன.

ஆகவே ஒவ்வொரு எஃபெக்டும் இவற்றைச் சுமக்கவேண்டும்: யார்மேல் இருக்கிறது, யார் போட்டது, யாருடைய டர்னில் எண்ணுவது, அந்த டர்னின் தொடக்கத்திலா முடிவிலா, இன்னும் எத்தனை முறை. பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் பயம் என்ற நிலை, பயந்தவருடைய டர்ன் முடிவில் ஒன்று குறைகிறது. போட்டவர் யாரென்பது அங்கே பொருட்டே இல்லை. சரி, தொடக்கமா முடிவா என்பதை நிரலுக்குள் எழுதிவிடலாமா? கூடாது. அதே மங்கின் ஸ்டன், 2024 விதிகளில் அவருடைய அடுத்த டர்னின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. இது தரவாக இருந்தால் ஒரு சொல்லை மாற்றினால் போதும். என்னுடையது நிரலுக்குள் ஏழெட்டு இடத்தில் சிதறிக்கிடந்தது. கடைசியில் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதினேன்.

## செத்தவரை வரிசையிலிருந்து நீக்குவது

மேலே சொன்னதைச் சரியாகச் செய்தவர்களும் இங்கே மாட்டுவார்கள். எஃபெக்டைப் போட்டவர் செத்தார், அவருடைய வரியை நீக்கினீர்கள், இனி அவருடைய டர்ன் வரவே வராது. அந்த எஃபெக்டும் தீரவே தீராது. இன்னொன்று: நடப்பு டர்னை ‘நான்காம் வரி’ என்று எண்ணாக வைத்திருந்தால், இரண்டாம் வரியை நீக்கியதும் எல்லாரும் ஒரு படி மேலே வருவார்கள், ‘அடுத்து’ அழுத்தினால் ஒருவருடைய டர்ன் காணாமல் போகும். நீக்காதீர்கள், மங்கலாக்கி அங்கேயே வைத்திருங்கள். நடப்பு ஆளை வரி எண்ணால் அல்ல, அவருக்கென்று ஓர் அடையாள எண் கொடுத்துப் பிடியுங்கள்.

## ஹிட் பாயிண்டை அழித்து எழுதுவது

ஹிட் பாயிண்ட் என்பது ஒருவருக்கு மிச்சமுள்ள உயிர்க்கணக்கு. மூன்று டர்ன் கழித்து ஒருவர் சொல்வார்: “ஐயோ, அதுக்கு நெருப்பு பாதிதானே படும்!” 27 என்று கழித்தது 13 ஆகியிருக்கவேண்டும். பழைய எண் போய்விட்டதென்றால் அப்புறம் எல்லாரும் நினைவிலிருந்து கணக்குப் போடவேண்டியதுதான். ஒவ்வொரு அடியையும் தனி வரியாகப் பதிந்து, மீதியை அதிலிருந்து கணக்கிடுங்கள். அடிகளைக் கூட்டியும் பதியாதீர்கள். கான்சன்ட்ரேஷன் சேவுக்கு (அடிபட்டவர் நடந்துகொண்டிருக்கும் தன் மந்திரத்தை விடாமலிருக்க உருட்டுவது) 10 அல்லது அடியில் பாதி, எது பெரிதோ அது இலக்கு. 30, 8 என இரண்டு அடி விழுந்தால் 15க்கு ஒரு முறை, 10க்கு ஒரு முறை உருட்டவேண்டும். கூட்டி 38 என்று வைத்தால் 19க்கு ஒரே உருட்டல், வேறு விளையாட்டு அது.

## தற்காலிக ஹிட் பாயிண்டைக் கூட்டுவது

உயிர்க்கணக்குக்கு மேல் கிடைக்கும் கூடுதல் எண் இது. 5 இருக்கும்போது 8 கிடைத்தால் 13 அல்ல. ஏதோ ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். தனிக் கட்டம் வையுங்கள்.

## எல்லா விளையாட்டுக்கும் ஒரே கருவி

ஆசைதான். சாவேஜ் வேர்ல்ட்ஸில் ஒவ்வொரு ரவுண்டும் புதிதாகச் சீட்டுப் போட்டு வரிசை மாறும். ஷேடோரன் ஐந்தாம் பதிப்பில் ஒவ்வொரு பாஸ் (ரவுண்டுக்குள் ஒரு சுற்று) முடிந்ததும் இனிஷியேட்டிவில் 10 குறைத்து, மீதியுள்ளவர்கள் மறுபடி ஆடுவார்கள். ‘ஒருமுறை அடுக்கினால் போதும்’ என்ற அஸ்திவாரத்தின்மேல் இவை நிற்காது. ஒன்றை எடுத்து அதை முடியுங்கள்.

## பகடையையும் கருவியே உருட்டுவது

வேண்டாம்.

## மான்ஸ்டரின் ஹிட் பாயிண்டை எல்லாருக்கும் காட்டுவது

பாதிக்கு இறங்கியதும் ‘காயம்’ என்று ஒரு சொல் காட்டினால் போதும். ஒருமுறை நான் எண்ணையே காட்டினேன். ஓகருக்கு 7 மிச்சம் என்று தெரிந்ததும், மேசையில் இருந்த நான்கு பேரும் பெரிய மந்திரத்தை மடக்கி வைத்துவிட்டு, சின்னக் கத்தி யாரிடம் இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள்.