நாற்பது பேர், நாற்பது நிமிடம்: வகுப்பறையைக் கையாளப் புதிய ஆசிரியருக்கு ஒரு செய்முறை

ஏழாம் வகுப்பு, மதிய உணவு முடிந்து முதல் பாடவேளை. நீங்கள் உள்ளே நுழைந்ததும் எழுகிற "குட் ஆஃப்டர்நூன் சார்" முடிவதற்குள் ஒருவன் தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்கிறான், ஒருத்தி பேனா காணோம் என்கிறாள், கடைசி பெஞ்சிலிருந்து "சார், இவன் கிள்ளுறான்" என்று புகார் வருகிறது. பாடத்தைத் தொடங்கும்போது பத்து நிமிடம் போயிருக்கும். பி.எட். படிப்பில் பாடக்குறிப்பு எழுதப் பழகிய நமக்கு இந்தப் பத்து நிமிடத்தை என்ன செய்வதென்று தெரிவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் பல வகுப்பறைகளை ஆராய்ந்து 1970-இல் வெளியிட்ட முடிவு இங்கே உதவும். அமைதியான வகுப்பின் ஆசிரியரும் அடங்காத வகுப்பின் ஆசிரியரும் குறும்பு நடந்த பிறகு கண்டிக்கும் விதத்தில் அவ்வளவாக வேறுபடவில்லை. குறும்புக்கு இடம் கொடுக்காதபடி முன்கூட்டியே வகுப்பை நடத்திச் சென்ற விதத்தில்தான் வேறுபட்டார்கள். கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை அந்த "முன்கூட்டியே" பற்றியவை.

படி 1: வணக்கம் முடிந்ததும் கைக்கு வேலை

உள்ளே நுழைந்தவுடன் கரும்பலகையின் இடது ஓரத்தில், எப்போதும் அதே இடத்தில், முந்தைய பாடத்திலிருந்து மூன்று சிறு கணக்குகளை எழுதுங்கள். முழுக்கள் பாடம் நடக்கிறதென்றால் (−7) + 12, 5 − (−3), (−4) × 6 போதும். யாரையும் கேட்காமலே நோட்டை எடுத்துப் போடத் தொடங்க வேண்டும் என்பதே ஏற்பாடு. பேனா இல்லாதவனுக்கு உங்கள் மேசையில் நான்கு பென்சில்கள் இருக்கட்டும். போகும்போது திருப்பித் தந்தால் சரி. பேனா கொண்டுவராததற்கு அறிவுரை சொல்லும் நேரம் இதுவன்று.

படி 2: விதிகளை எழுதினால் போதாது, ஒத்திகை பாருங்கள்

மூன்று விதிகளுக்கு மேல் வேண்டாம். "பேசாதே" என்பதைவிட "ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்" என்று, என்ன செய்ய வேண்டும் என்பதையே சொல்லுங்கள்.

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் இருக்கிறது. நோட்டு வாங்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். "நோட்டை எல்லாம் கொண்டு வாங்க" என்றால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள். அடுக்கு சரியும், யாராவது ஒருவர் கால் மிதிபடும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பெஞ்சிலும் உள்ளவர்கள் நடைபாதை ஓரம் இருப்பவரிடம் நோட்டைத் தள்ள வேண்டும், கடைசி பெஞ்சுக்காரர் அதை வாங்கி முன் பெஞ்சின் அடுக்கோடு சேர்க்க வேண்டும், இப்படியே முதல் பெஞ்சுக்கு வந்தபின் இரண்டே பேர் மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லி, முதல் வாரத்தில் இதைப் பாடம் போலவே நடத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைப் பலகையில் எழுதுங்கள். என் வகுப்பில் முதல் நாள் நான்கு நிமிடம் ஆனது. ஐந்தாம் நாள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது, பிள்ளைகளே எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

சில நிமிடங்களுக்கு இவ்வளவு பாடா என்று தோன்றலாம். கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் மிச்சமானால் 1,100 நிமிடம், அதாவது நாற்பது நிமிடப் பாடவேளைகள் இருபத்தேழுக்கு மேல்.

படி 3: சத்தத்தைச் சத்தத்தால் அடக்காதீர்கள்

மேசையைத் தட்டினால் முதல் நாள் அடங்குவார்கள், பத்தாம் நாள் அதுவும் இரைச்சலில் ஒரு பகுதியாகிவிடும். பேச வேண்டிய நேரத்தில் வகுப்பில் ஒரே இடத்தில் நின்று கையை உயர்த்துங்கள். எல்லாக் கண்களும் வரும்வரை அறிவிப்பைத் தொடங்காதீர்கள். பாடத்தின் நடுவே இருவர் பேசினால், பாடத்தை நிறுத்தாமலே நடந்துபோய் அவர்கள் பெஞ்சின் அருகில் நில்லுங்கள். பெரும்பாலும் அவ்வளவே போதும்.

பேசுபவர்கள் பெயரை லீடரைக் கொண்டு பலகையில் எழுதவைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நண்பன் பெயர் அதில் வராது. பகையாளியின் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள் கூடிக்கொண்டே போகும்.

படி 4: கேள்வி முதலில், பெயர் பிறகு

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் பதில் வரும், அதற்குப் பொருள் ஒன்றும் இல்லை. பெயரை முதலில் சொல்லிக் கேள்வி கேட்டால் மற்ற முப்பத்தொன்பது பேர் நிம்மதியாக வேறு வேலை பார்ப்பார்கள். ஆகவே கேள்வியைக் கேட்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணி, பிறகு பெயரைச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீண்டு, பதில் சொல்லும் மாணவர்களும் கூடுகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வுகள் 1970-களிலேயே காட்டின.

படி 5: மீறியவனிடம் தனியாக

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. முட்டி போடவைப்பதும், எல்லார் முன்பும் கேலி செய்வதும் அதில் அடங்கும். நாற்பது பேர் பார்க்கும்போது கண்டித்தால் அவனுக்கும் எதிர்த்துப் பேசுவதைத் தவிர வழியிருக்காது. மணி அடித்தபின் வராந்தாவில் நிறுத்தி, நடந்ததைச் சொல்லி, "நாளைக்கு என்ன செய்யலாம்?" என்று அவனையே கேளுங்கள்.

அதோடு அவனை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், தனியாகத்தான். வகுப்பைக் கலைக்கிற பிள்ளைகளில் பலருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமம் என்பதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். "வாசிக்கத் தெரியாதவன்" என்ற பெயரைவிடக் "குறும்புக்காரன்" என்ற பெயர் அவர்களுக்கு மேல். சிலருக்குப் பலகை சரியாகத் தெரியாது, சிலர் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார்கள். இவர்களிடம் விதியை நினைவூட்டிப் பயனில்லை.

காலாண்டு விடுமுறை முடிந்து வரும் முதல் நாளில் நோட்டு வாங்க மறுபடியும் நான்கு நிமிடம் ஆகும். அன்று புதுப் பாடத்தைத் தொடங்காமல், இரண்டாம் படியை ஒருமுறை முதலிலிருந்து நடத்துங்கள்.