அடைக்கோழியும் பதினோரு முட்டையும்

காலையில் கூட்டைத் திறந்ததும் மற்றக் கோழியெல்லாம் விளைக்குள் (தோட்டத்துக்குள்) ஓடிவிடும். ஒன்று மட்டும் முட்டையிடும் இடத்தை விட்டு எழாது. கையை நீட்டினால் இறகை உப்பிக்கொண்டு உறுமும், கொத்த வரும். அடிவயிற்றில் இறகு கழிந்து தோல் சூடாக இருக்கும். நாளுக்கு ஒரு தடவைதான் எச்சமிடும், அதுவும் உருண்டையாக, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு. இவ்வளவும் இருந்தாலும் அன்றைக்கே முட்டை வைத்துவிட வேண்டாம். தொடர்ந்து இரண்டு ராத்திரி பரணேறாமல் அங்கேயே கிடந்தால்தான் அது அடைக்கோழி. ஒரு மத்தியானம் உட்கார்ந்ததை நம்பி வைத்தால் மூன்றாம் நாள் எழுந்து போய்விடும், முட்டையும் வீணாகும்.

முட்டை சேர்ப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் கூடவே மேய வேண்டும். கடையில் வாங்கும் வெள்ளை முட்டை சேவலில்லாமல் இட்டது, எத்தனை நாள் அடைகாத்தாலும் பொரியாது. ஏழு நாளுக்கு மேற்பட்ட முட்டையையும் ஒதுக்குங்கள். நம் ஊர் வெக்கையில் வெளியே கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, சூடு போதாமல் செத்துவிடும். வீட்டில் குளிர்ச்சியான மூலையில், ஈர மணல் பரப்பிய மண்சட்டியில், மணல்மேல் ஒரு துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி வைக்கலாம். ஃபிரிட்ஜில் இருந்ததை எடுக்காதீர்கள். கழுவவும் வேண்டாம், ஓட்டின்மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போனால் கிருமி உள்ளே இறங்கும். சொட்டு எச்சம் இருந்தால் காய்ந்த துணியால் சுரண்டித் துடைத்தால் போதும்.

எத்தனை வைப்பது? சின்ன நாட்டுக்கோழிக்கு ஒன்பது முதல் பதினொன்று, நல்ல பருத்ததற்குப் பதின்மூன்று. ஒரு முட்டைகூட வயிற்றுக்கு வெளியே தெரியக்கூடாது. கோழி நாள் முழுக்க முட்டைகளை உருட்டி இடம் மாற்றும். வெளியே நிற்கும் முட்டையை உள்ளே தள்ளி, உள்ளே இருந்ததை வெளியே விடும். ஆகவே ஒரு முட்டை கூடிப்போனால் கெடுவது அந்த ஒன்று மட்டுமல்ல, முறை வைத்து ஐந்தாறு குளிர்ந்துபோகும். ஒற்றைப்படையில் வைப்பது பெரியவர்கள் பழக்கம். அதற்கும் பொரிப்புக்கும் சம்பந்தமில்லை, வைத்தாலும் கேடில்லை.

பழைய ஓலைக் கடவம் (ஓலையில் முடைந்த பெட்டி) ஒன்று போதும். அடியில் நாலு விரல் கனத்துக்கு மணல், அதன்மேல் காய்ந்த வைக்கோலோ உதிர்த்த கதம்பைத் தும்போ (தேங்காய் மட்டை நாரோ) போட்டு, நடுவில் கையை அழுத்திக் குழி செய்யுங்கள். தும்பு நீளமாக இருந்தால் குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும், நறுக்கிப் போடுங்கள். செள்ளுக்கு (கோழிப் பேனுக்கு) ஒரு பிடி வேப்பிலையும், கிடைத்தால் காய்ந்த புகையிலைத் துண்டும் அடியில் போடலாம். செள்ளு ஏறிய கோழி பதினைந்தாம் நாள்கூட முட்டையை விட்டு ஓடிவிடும்.

செள்ளைவிட எறும்புதான் பெரிய எதிரி. குஞ்சு ஓட்டில் ஓட்டை போட்ட நேரம் கடியெறும்பு மோப்பம் பிடித்து வந்தால், வெளியே வருமுன்பே உயிரோடு தின்றுவிடும். கடவத்தை ஒரு ஸ்டூல்மேல் வைத்து, நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைக்குள் நிறுத்துங்கள். தண்ணீர் வற்றாமல் தினமும் பார்க்கவேண்டும். ஸ்டூல் சுவரில் முட்டினால் சிரட்டை வைத்தும் பயனில்லை, எறும்பு சுவர் வழியாக வந்துவிடும். பொரிக்கும் அன்று கடவத்தைத் தரைக்கு இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு கீழே விழும். தரையில் வைத்ததும் சுற்றி அடுப்புச் சாம்பலால் தடித்த கோடு போடுங்கள்.

மற்றக் கோழிகள் வராத, சாரலடிக்காத, கீரியும் மரநாயும் நுழைய முடியாத இடமாகப் பாருங்கள். கோழியை மாற்றுவது இருட்டிய பிறகுதான். புது இடத்தில் ஏதாவது பழைய முட்டையின்மேல் இரண்டு நாள் உட்கார வைத்து, நிலைத்தது தெரிந்ததும் ஒரு மாலையில் எல்லா முட்டையையும் ஒன்றாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி எழுதுங்கள். வேறு கோழி வந்து இட்டுவிட்டுப் போன முட்டை அடையாளமில்லாமல் தெரியும், அன்றன்றே எடுத்துவிடலாம். எடுக்காவிட்டால் முதல் குஞ்சுகளோடு தாய் இறங்கிவிடும், பாதி வளர்ந்த முட்டை ஆறிப்போகும்.

கணக்கு 21 நாள். வாத்து முட்டை 28 நாள், ஆகவே இரண்டையும் ஒரே கோழிக்கு வைப்பதானால் வாத்து முட்டையை ஒரு வாரம் முன்பே வைக்கவேண்டும். கோழி தினம் ஒரு தடவை இறங்கித் தீனி தின்று, மண்ணில் குளித்து, இருபது நிமிடத்துக்குள் திரும்பும். இறங்காமலே கிடந்தால் நீங்களே தூக்கி இறக்குங்கள். தூக்குமுன் சிறகுக்கடியில் கைவிட்டுப் பாருங்கள், முட்டை ஒட்டிக்கொண்டு வந்து விழும்.

ஏழாம் நாள் ராத்திரி மொபைல் டார்ச்சின்மேல் முட்டையின் தடித்த முனையை வைத்துப் பாருங்கள். கரும்புள்ளியைச் சுற்றிச் சிலந்திக் காலைப்போல நரம்பு ஓடினால் கரு உண்டு. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு பிடித்துச் செத்திருக்கிறது, அநேகமாக முட்டை பழசு அல்லது குளிர்ந்தது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். எல்லாமே தெளிவாக இருந்தால் கோழியைக் குறை சொல்லாதீர்கள், சேவலைக் கவனியுங்கள்.

இடி இடித்தால் முட்டை கெடும் என்று இரும்பாணியும் கரித்துண்டும் போடுவார்கள். சத்தத்தால் கரு சாவதில்லை. அந்த மழையில் கூடு நனைவதும் கோழி பயந்து எழுந்து போவதும்தான் காரணம். ஆணிக்குப் பதில் கூரையைச் சரிபாருங்கள். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. மார்கழிக் கடைசியிலிருந்து மாசிக்குள் வைத்தால் குஞ்சுகள் ஆனிச் சாரலுக்கு முன்பே தேறிவிடும். ஐப்பசியில் பொரித்தால் ஈரத்தரையில் ரத்தக்கழிச்சல் காத்திருக்கும்.

பதினெட்டாம் நாளிலிருந்து முட்டையைத் தொடாதீர்கள். பங்குனி வெயிலென்றால் அடிமணலில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். காற்று மிகவும் வறண்டால் உட்சவ்வு இறுகிக் குஞ்சு மாட்டிக்கொள்ளும். ஓட்டை போட்ட குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட எடுக்கும். பாவம் பார்த்து ஓட்டை உரித்தால் ரத்தக்குழாய் அறுந்து சாகும். மஞ்சள் கரு வயிற்றுக்குள் இருப்பதால் இரண்டு நாள் தீனியில்லாமல் தாங்கும், அவசரப்பட வேண்டாம். முதல் குஞ்சு வந்து இரண்டு நாள் கழித்தும் பொரியாததைப் புதைத்துவிடுங்கள்.

பிறகு பொடியரிசியும் ஸ்டார்ட்டர் தீனியும் கலந்து கொடுங்கள். கறையான் கிடைத்தால் அதைவிட நல்ல தீனி இல்லை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு முங்காது. பொரித்த ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. ஒரு குப்பியில் நிறையக் குஞ்சுக்குப் போடலாம், கரைத்த மருந்து சீக்கிரம் வலுவிழக்கும் என்பதால் பக்கத்து வீட்டாரோடு ஒரே நாளில் சேர்ந்து போடுங்கள்.

குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்றால் அடையைக் கலைக்கவேண்டும். மூக்கில் இறகு குத்துவதும் தண்ணீரில் முக்குவதும் கோழியை வதைப்பதுதான். வயிற்றடிச் சூடு ஆறினால் அடை தெளியும். கம்பிவலை அடியுள்ள கூண்டைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, வெளிச்சமும் காற்றும் படும் நிழலில் தொங்கவிட்டு, தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நாலு நாள் விடுங்கள். வைக்கோல் ஒரு இழைகூட உள்ளே போடாதீர்கள். வெளியே விட்டதும் நேரே பழைய இடத்துக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் கூண்டில் போடுங்கள். தெளிந்தபின் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப முட்டையிடும்.