லெந்துக்கு எதை விடுவது, எப்படி விடுவது

பல வருஷம் நான் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், காபியை விட்டேன். லெந்து தொடங்கும் சாம்பல் புதன் தாண்டி மூன்றாம் நாளே தலைவலி, கண்ணில் பட்டவர் மேலெல்லாம் எரிச்சல். ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் டம்ளரை நீட்டி, "ஏட்டி, இதக் குடிச்சிரு. உன் உபவாசத்த எங்களால சுமக்க முடியல" என்றார். குடித்துவிட்டேன்.

இப்போது செய்வது வேறு. அடுப்புப் பக்கத்தில் ஒரு டப்பா வையுங்கள். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுங்கள். எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் பிடி அரிசி பழைய வழக்கம்தான். ஆனால் நான் ரொம்ப நாள் மூட்டையிலிருந்து தனியாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அது காணிக்கை, நல்லதுதான். எனக்கு ஒன்றும் குறையவில்லை, அவ்வளவே. அளந்ததிலிருந்து எடுக்க வேண்டும், எடுத்ததை ஈடுகட்டக் கூடாது. பானையில் ஒரு கரண்டி சோறு குறையும். அது பிள்ளைகள் தட்டில் குறையாமல் உங்கள் தட்டில் குறையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். என் பிடி 40 கிராம், நிறுத்துப் பார்த்தேன். ஞாயிறு நீங்கலாக 40 நாள், இரண்டு வேளை என்றால் 3 கிலோ 200 கிராம். ஈஸ்டர் அன்று ஆலயத்தில் கொடுத்துவிடுவேன்.

சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுப்பவர்கள் சாப்பாட்டில் கை வைக்க வேண்டாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் அடுத்தது.

"தன்னைத்தான் வெறுத்து" என்று இயேசு சொல்வதை பைபிளில் மாற்கு 8:34-ல் வாசிக்கிறோம். கிரேக்கத்தில் அங்கே உள்ள சொல்தான், 14-ம் அதிகாரத்தில் சீஷர் பேதுரு இயேசுவை மறுதலித்த இடத்திலும் வருகிறது. "அந்த மனுஷனை அறியேன்" என்றாரே, அது. அப்படியானால் நம்மையே நாம் வெறுத்துக் கரித்துக்கொள்ளச் சொல்லவில்லை. எனக்குள் "நான், நான்" என்று கிளம்புகிறவளைப் பார்த்து, உன்னை எனக்குத் தெரியாது என்று சொல்லச் சொல்கிறார்.

அதற்கு என் வழி: ஒரு நாளில் ஒரு தடவையாவது கடைசி வார்த்தையை அடுத்தவருக்கு விடுவது. போன லெந்தில் நாத்தனார் போனில், "என்ன இருந்தாலும் அம்மா வைக்கிற புளிக்குழம்பு மாதிரி வராது" என்றாள். அவள் அம்மாவுக்குக் கடைசி ஆறு வருஷம் சமைத்துப் போட்டது யார் என்ற கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. "ஆமா, வராதுதான்" என்றேன். போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே தேய்த்த சட்டியை இன்னொரு தடவை தேய்த்தேன். சிரித்த முகமாகச் செய்ய வேண்டும் என்றெல்லாம் காத்திருக்காதீர்கள். வாய் மூடினால் முதல் வருஷத்துக்குப் போதும்.

அப்படி மூடிய நாளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு சின்னக் கிண்ணத்தில். யாரிடமும் சொல்ல வேண்டாம், கேட்டால் பல்லாங்குழிக்கு என்று சொல்லிவிடலாம். ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி எண்ணினேன். அரிசி 3 கிலோவுக்கு மேல் சேர்ந்திருந்தது. கொட்டை பதினொன்று.