நர்சிங்கைப் பாதியில் விடுவதா? அதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"போன பேட்ச் அக்காக்களுக்கே இன்னும் வேலை கிடைக்கலையாம்." ஒரு நர்சிங் வகுப்பைக் கலைக்க இந்த ஒரு வரி போதும். அதைக் கேட்ட வாரமே இரண்டு பேர் பெட்டி கட்டுகிறார்கள், மற்றவர்கள் மனமில்லாமல் தொடர்கிறார்கள். விடுவது சரியான முடிவாக இருக்கலாம், தொடர்வதும்தான். எந்தப் பக்கம் போனாலும் ஒவ்வொரு பேட்சும் அதே குழிகளில் விழுகிறது. அரியர் வைக்காதே, வீட்டில் பேசு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவை இங்கே இல்லை.

இன்றைய விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுப்பது

இரண்டாம் ஆண்டில் இருப்பவர் வேலை தேடப்போவது இன்னும் ஓரிரு ஆண்டு கழித்து. அதற்குள் காற்று எப்படியும் திரும்பலாம். 2008 பொருளாதாரச் சரிவின்போது அமெரிக்காவில் ஓய்வுபெற இருந்த நர்சுகள் பணியிலேயே தங்கிவிட்டார்கள், பகுதிநேரத்தில் இருந்தவர்கள் முழுநேரத்துக்கு வந்தார்கள். புதிதாகப் படித்து வந்தவர்களுக்கு இடமில்லை. 2020-இல் கொரோனா வந்தபோது நர்ஸ் கிடைக்காமல் தவித்ததும் அதே நாடுதான். பிரிட்டனில் நேர்மாறு: சில ஆண்டுகள் வெளிநாட்டு நர்சுகளை வாரி எடுத்தார்கள், 2025-இல் அங்கேயே படித்து முடித்தவர்களுக்குப் பணியிடம் போதவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி, 2023-இல் உலகெங்கும் 58 லட்சம் நர்சுகள் பற்றாக்குறை. இதைக் காட்டி "நர்சுக்கா வேலை இல்லை?" என்று தேற்றுபவர்களையும் நம்ப வேண்டாம். வார்டுக்கு நாலு நர்ஸ் தேவைப்படும். சம்பளம் ஒதுக்கியது இரண்டு பேருக்கு என்றால் எடுப்பதும் இரண்டு பேரைத்தான். ஆகவே, எதனால் ஆள் எடுக்கவில்லை என்று விசாரியுங்கள். நிதி நெருக்கடியில் நிறுத்தி வைத்திருந்தால் சில ஆண்டுகளில் இளகும். கல்லூரிகள் பெருகி, ஆண்டுதோறும் தேவைக்கு மேல் ஆட்கள் வெளிவருகிறார்கள் என்றால் அது தானாகச் சரியாகாது. விடுவதைப் பற்றி நிஜமாகவே யோசிக்க வேண்டியது அங்கேதான்.

"வேலை இல்லை" என்பதை அப்படியே விழுங்குவது

யாருக்கு இல்லை, எந்த வேலை இல்லை? கடைசி இரண்டு பேட்சில் இருபது பேரைப் பிடியுங்கள். முதல் வேலைக்கு எத்தனை மாதம் ஆனது, எந்தப் பிரிவு, ஒப்பந்தமா நிரந்தரமா, கையில் வரும் சம்பளம் எவ்வளவு என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். கூடவே முப்பது விளம்பரங்களை எடுத்து, அனுபவம் கேட்பவை ஒரு பக்கம், ஃப்ரெஷர்களை எடுப்பவை ஒரு பக்கம் எனப் பிரியுங்கள். அனுபவம் கேட்கும் பக்கம் கனமாக இருந்தால், மூடியிருப்பது முதல் படி மட்டும். டயாலிசிஸ், முதியோர் பராமரிப்பு, மனநலம், நிரந்தர நைட் டியூட்டி என்று பலர் ஒதுக்கும் கதவுகள் வழியாக உள்ளே போக முடியுமா என்று பாருங்கள். முதியோர் இல்லத்தில் செய்த வேலையைப் பின்னால் ஐசியூவில் அனுபவமாக எடுத்துக்கொள்ளாத இடங்கள் உண்டு; அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவது

இருப்பதிலேயே விலை அதிகமான தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருவதும் இதைப் பார்த்துத்தான்.

ஒரு போஸ்டிங், அதாவது ஒரு வார்டில் பயிற்சி, முடிகிறது. அடுத்ததுக்குப் போகவில்லை. கடிதம் இல்லை, கையெழுத்து இல்லை. மாணவி போய்விட்டாலும் பெயர் ரெஜிஸ்டரில் உட்கார்ந்திருக்கிறது. எழுதாத தேர்வுகள் ஆப்சென்ட் ஆகி, ஃபெயிலாகப் பதிவாகின்றன. அடுத்த பருவக் கட்டணம் நிலுவையாக ஏறுகிறது. கல்விக்கடன் இருந்தால், படிப்பு நின்ற செய்தி கடன் கொடுத்தவருக்குப் போய், தவணை தொடங்கியதே தெரியாமல் வட்டி வளர்கிறது. மூன்று ஆண்டு கழித்து நிலைமை மாறுகிறது, திரும்பச் சேர வருகிறார். நிலுவையைக் கட்டினால்தான் காகிதம் என்கிறார்கள். கட்டி வாங்கிய லாக் புக்கில், அதாவது வார்டில் செய்த பயிற்சியைப் பதியும் ஏட்டில், குழந்தைகள் வார்டு பக்கங்களில் கையெழுத்தே இல்லை. அன்றைய இன்சார்ஜ் சிஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். இடையில் பாடத்திட்டமும் மாறிவிட்டது. தான் படித்தது எது என்று காட்ட பழைய பாடத்திட்டத்தின் நகல் கையில் இல்லை. முடித்த இரண்டு ஆண்டு படிப்பும் காற்றில்.

வேறு பல பட்டப்படிப்புகளில் இவ்வளவு இடி விழாது. வரலாறு படித்தவரிடம் எத்தனை மணிநேரம் என்று யாரும் கேட்பதில்லை. நர்சிங்கில் மணிக்கணக்குதான் நாணயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, பொது நர்சிங் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணிநேரம் கேட்கிறது. அதில் பாதியாவது நோயாளிகளோடு, மூன்றில் ஒரு பங்காவது வகுப்பில். கையெழுத்து இல்லாத மணிநேரம் நடக்காத மணிநேரம்.

விடுவதென்றே ஆனாலும் வரிசை இதுதான். நடந்துகொண்டிருக்கும் பருவத்தை முடியுங்கள்; அரைப் பருவத்துக்கு மதிப்பு பெரும்பாலும் பூஜ்யம், ஆறு வாரத்தில் தேர்வு என்றால் எழுதிவிட்டே போகலாம். டிஸ்கன்டின்யூ என்று எழுதும் முன் இடைவிடுப்பு கிடைக்குமா, எத்தனை மாதத்துக்கு இடம் காத்திருக்கும், சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் எத்தனை ஆண்டுக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு மறதி அதிகம். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். விலகும் தேதி எந்த நாளாகக் கணக்காகும், அதற்கு முன் எழுதிக்கொடுத்தால் கட்டணம் எவ்வளவு திரும்பும் என்பதும் அதே மின்னஞ்சலில்.

பிறகு காகிதங்கள்: முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்), வகுப்பு மணிநேரமும் கிளினிக்கல் மணிநேரமும் பாடவாரியாகத் தனித்தனியாகக் காட்டும் சான்று, கல்லூரி சான்றளித்த, நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டம், நிலுவை இல்லை என்ற கடிதம், சேரும்போது கொடுத்த அசல் சான்றிதழ்கள், தடுப்பூசிப் பதிவு. லாக் புக்கை இருபுறமும் ஸ்கேன் செய்து வையுங்கள். படிப்பைத் தொடர்பவர்களும், விடுவாரோ மாட்டாரோ, ஒவ்வொரு போஸ்டிங்கின் கடைசி நாளிலேயே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். "அப்புறம் வாங்கிக்கலாம்" என்ற பக்கம்தான் பின்னால் காலியாக இருக்கும்.

களைப்பைச் சந்தை மேல் போடுவது

நாளைக்கே வேலை உறுதி என்றால் இந்த வேலையைச் செய்வீர்களா? பதில் இல்லை என்றால் பிரச்சினை வேலைவாய்ப்பு அல்ல. ஆனால் இந்தக் கேள்வியை நைட் டியூட்டி முடிந்த காலையில் கேட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் தூங்கிவிட்டுக் கேளுங்கள்.

கட்டிய பணத்துக்காக இருப்பது

அது போன பணம். இனி கட்ட வேண்டிய கட்டணம், சாப்பாட்டுக்கும் தங்குவதற்குமான செலவு, இந்தக் காலத்தில் வேறெங்கோ சம்பாதித்திருக்கக்கூடிய சம்பளம்: இந்த மூன்றை மட்டும் கூட்டுங்கள்.

கல்லூரியிடமே ஆலோசனை கேட்பது

உங்கள் இருக்கை நிரம்பியிருந்தால்தான் அவர்களுக்கு வருமானம்.

இருந்துகொண்டே காத்திருப்பது

தொடர முடிவெடுத்தவர்கள் செய்வது. பாஸாகிவிட்டால் வேலை தேடலாம் என்று சும்மா இருப்பார்கள். படிக்கும்போதே வார்டு உதவியாளராகச் சேர முடிந்தால் சேருங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அடிப்படை நர்சிங் பாடமும் அதற்கான பயிற்சியும் முடித்த மாணவர் நர்சிங் உதவியாளர் தேர்வை எழுதலாம். தெரியாத பத்து ஃப்ரெஷர்களைவிட, ஏற்கெனவே படுக்கை விரித்து, சர்க்கரை பார்த்துக் கொடுத்த ஒருவரைத்தான் இன்சார்ஜ் கேட்டு வாங்குவார்.

"வெளிநாடு போயிடலாம்"

போகலாம், ஆனால் அதுவும் காலக் கணக்கில்தான் நிற்கிறது. பிரிட்டனுக்கு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதினால், அதில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் பி கிரேடும் எழுதுவதில் சி பிளஸும் வேண்டும். அதோடு கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வான ஆஸ்கி. மொழித் தேர்வு முடிவு அங்கே இரண்டு ஆண்டுதான் செல்லும். ஆர்வத்தில் இரண்டாம் ஆண்டிலேயே எழுதிப் பாஸாகி, படிப்பும் ரெஜிஸ்ட்ரேஷனும் அனுபவமும் சேர்வதற்குள் காலாவதியாகி, மறுபடி முழுக் கட்டணம் கட்டுபவர்கள் உண்டு. விண்ணப்பிக்கப்போகும் மாதத்தை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தேர்வுத் தேதியைப் போடுங்கள்.