அவுட்போர்டு மோட்டாரைப் படுக்க வைக்கும் முன்

படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றியதும் பிக்கப்பில் சாய்த்துவிடாதீர்கள். கரையிலேயே இரண்டு நிமிடம் நேராக நிறுத்தித் தண்ணீரை வடியவிடுங்கள். அப்புறம் கம்பெனி குறித்திருக்கும் பக்கமாக மட்டும் படுக்க வையுங்கள். எஞ்சின் இருக்கும் தலைப்பகுதிக்கு அடியில் மடித்த கோணிச்சாக்கு ஒன்று கொடுத்தால் அது ப்ரொப்பல்லரைவிட உயரமாக நிற்கும். பக்கம் மாறினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். தலை தாழ்ந்தால் எக்ஸாஸ்டில் தேங்கிய தண்ணீரும் அங்கேதான் போகும். பவானிசாகரிலிருந்து கோபி வரை குலுங்கி வந்தால் கேட்கவே வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக்கில் கீழே ஆயில் தொட்டி கிடையாது, அதனால் பக்கம் பெரும்பாலும் பிரச்சினையில்லை. தலை உயரம் மட்டும் கட்டாயம். இரண்டு ஆள் தூக்கும் பெரிய மோட்டார் என்றால் படுக்கவே வைக்காமல், ஸ்டாண்டில் நிறுத்தியே கொண்டுபோங்கள்.