மாசம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்: கிராமத்து வீட்டுக்கு ஃபைபர் எடுக்கும் முறை

சங்கராபுரம் பக்கம் கேபிள் டிவி லைன் இழுத்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது அதே தெருக்களில் இணையத்துக்கான ஃபைபர் (ஒளி போகும் கண்ணாடி இழை வயர்) இழுக்கிறேன். "அண்ணே, மாசம் எவ்வளவு?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் கேளுங்கள். லைன் எந்த வழியாக வரும், அறுந்தால் யார் வருவார், இந்த இரண்டும்தான் முக்கியம்.

முதலில் எந்தக் கம்பம் வரை ஃபைபர் வந்திருக்கிறது என்று பாருங்கள். சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தொங்கும். அங்கிருந்து வீடு வரை ஆபரேட்டரோடு நடந்து பாருங்கள். எங்கள் பக்கம் இடி மழையை விட கரும்பு லோடுதான் அதிகம் லைனை அறுக்கிறது. அரவைக் காலத்தில் டிராக்டர் வயரைக் கொத்தாக இழுத்துக்கொண்டு போய்விடும். தெருவைக் கடக்கும் இடத்தில் உயரமாகக் கட்டச் சொல்லுங்கள்; வழி சுற்றினாலும் பரவாயில்லை. புளியங்கிளை உரசும் இடமும் வேண்டாம்.

ஊரில் ஃபைபரே இல்லையா? ஊராட்சிச் செயலரிடம் பாரத்நெட் (கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுவரும் மத்திய அரசுத் திட்டம்) பெட்டி வந்துவிட்டதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலை டான்ஃபிநெட் என்ற தமிழ்நாடு அரசு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. இன்னொன்று, தனியாகக் கேட்காதீர்கள். ஒரே வீட்டுக்காக அரை கிலோமீட்டர் இழுக்க நானே யோசிப்பேன். எட்டு வீடு சேர்ந்து வந்தால் ஒரு ஸ்பிளிட்டர் (ஒரு லைனைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் கருவி) வைத்து வேலையை முடித்துவிடலாம்.

இணைப்பு கொடுக்கும் அன்று பக்கத்திலேயே நில்லுங்கள். வீட்டுக்குள் வரும் முனையில் பவர் மீட்டரை (ஒளி எவ்வளவு வருகிறது என்று டிபிஎம் அளவில் காட்டும் கருவி) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20, 22 என்று வந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டி 28, 29 என்று போனால் வீட்டில் வைக்கும் நெட் பெட்டி (மோடம்) திணறும். அன்றைக்கு ஓடினாலும் பிறகு விட்டுவிட்டு வரும். நடுவில் ஒட்டு போட்டால் ஸ்பிளைசிங் மெஷினில் (இழையை உருக்கி ஒட்டும் கருவி) போடச் சொல்லுங்கள், கையால் மாட்டும் கனெக்டரில் இழப்பு கூடுதல். வந்த அளவையும் தேதியையும் பெட்டியின் அடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த எண் பேசும்.

வயரைச் சுவர் மூலையில் நறுக்கென்று மடக்கி ஆணி அடிக்க விடாதீர்கள். பெட்டியில் செருகியிருக்கும் வயரின் பச்சை முனையைக் கழற்றித் துடைக்கிற வேலையும் வேண்டாம். விரல் எண்ணெய் பட்டாலே சிக்னல் குறையும். முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுக்கும்.

கரண்டு போனால் நெட்டும் போகும். பெட்டி பெரும்பாலும் 12 வோல்ட்தான், அதற்கென்றே மினி யூபிஎஸ் கடையில் கிடைக்கிறது. ஆனால் ஆபரேட்டர் பக்கமும் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் யூபிஎஸ் ஓடியும் நெட் வராது.

பெட்டியில் லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுப் பயனில்லை, ஆளைக் கூப்பிடுங்கள். பான் (PON) என்ற விளக்கு பச்சையாக நின்றும் நெட் இல்லையென்றால் லைன் நன்றாகத்தான் இருக்கிறது. ரீசார்ஜ் முடிந்ததா, லாகின் மாறியதா என்று பாருங்கள்.

லைன்மேனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு விடாமல் கம்பெனியின் எண்ணிலும் புகார் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்கிவிடுங்கள். சரிசெய்யவில்லையென்றால் அடுத்து அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கே முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.