ஜீப்பை மண்ணில் இறக்கும் முன்: இடம் தேடுவதில் நடக்கும் தவறுகள்

நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிய எல்லோருக்கும் சில வாரங்களில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: இதை எங்கே ஓட்டுவது? மஹிந்திரா தார், ஜிம்னி, கூர்க்கா என்று தமிழ்நாட்டில் இந்த வண்டிகள் பெருகிய அளவுக்கு, அவற்றைச் சட்டப்படி மண்ணில் இறக்க இடங்கள் பெருகவில்லை. அதனால் வற்றிய ஏரி, ஆற்று மணல், கடற்கரை, காட்டோரம் என்று கண்ணில் பட்ட இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். பிறகு ஊர்க்காரர்களோடு வாக்குவாதம், வனத்துறை வழக்கு. அடுத்த வாரம் போனால் பாதையின் குறுக்கே பள்ளம் வெட்டிப் போட்டிருப்பார்கள். அந்தப் பள்ளம் அதே வழியில் வயலுக்குப் போகும் டிராக்டரையும் சேர்த்தே தடுக்கும். இதையெல்லாம் தவிர்க்க முடியும். தவறுகள் பெரும்பாலும் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடுகின்றன.

சும்மா கிடக்கிற நிலம்தானே என்ற நினைப்பு

எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் காட்டைச் சித்திரை, வைகாசியில் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெடித்த மண்ணும் வேலிக்கருவையும்தான். வேலி கிடையாது, பயிர் கிடையாது, ஆள் கிடையாது. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அது கேட்பாரற்ற நிலம். அந்த ஊர்க்காரருக்கோ அது புரட்டாசிக்குக் காத்திருக்கும் மானாவாரி நிலம். கோடை மழை நிலத்துக்குள் இறங்க வேண்டும் என்று காசு கொடுத்துக் கோடை உழவு போட்டிருப்பார். ஈரம் காயாத கரிசலில் கனமான வண்டிகள் நாலைந்து ஏறி இறங்கினால் மண் அழுந்தி, காய்ந்ததும் சக்கரத்தடம் கல்லாகிவிடும். விதைப்பு நேரத்தில் அந்தத் தடத்தில் மட்டும் கலப்பை துள்ளும், உளுந்தும் பாசியும் ஒழுங்காக முளைக்காது.

அதே வெற்று நிலத்தில் கோடையில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் நூற்றுக்கணக்கான ஆடுகளோடு ஊர் ஊராக நடந்து வந்து, நிலத்துக்காரரோடு பேசி, எருவுக்காக இரவில் ஆடுகளை அடைப்பார்கள். குட்டிகள் தனியே அடைபட்டிருக்கும். இரவில் விளக்கைப் பளிச்சென்று போட்டுக்கொண்டு, இன்ஜினை உறுமவிட்டு ஒரு வண்டி வந்தால் கிடை மிரண்டு சிதறிவிடும். சிதறிய ஆடுகளைத் தேடிச் சேர்ப்பது யார் வேலை என்பதை அந்த வண்டிக்காரர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நிலத்துக்குக் காகிதத்தில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். காகிதத்தில் இல்லாமல் அதை நம்பிப் பிழைப்பவர்கள் சிலர் இருப்பார்கள். இரண்டு தரப்பையும் விசாரித்துவிட்டு இறங்குங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

புறம்போக்கு எல்லோருக்கும் பொது என்ற எண்ணம்

பட்டா இல்லாத நிலம் என்றால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். புறம்போக்கு அரசின் நிலம். அதிலும் பல வகை இருக்கிறது. ஏரி, ஓடை, வாய்க்கால், மயானம், மேய்ச்சல், களம், நத்தம் என்று ஒவ்வொன்றும் ஒரு பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டது. மேய்ச்சல் புறம்போக்கில் மாடு மேய ஊருக்கு உரிமை உண்டு. ஜீப் ஏற யாருக்கும் அப்படி எழுதி வைக்கவில்லை. மயானப் புறம்போக்கில் மேடு ஏறிப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அந்த ஊர் அவர்களை விரட்டியது முற்றிலும் நியாயம்.

நமக்கு உண்மையில் உதவுவது ‘வண்டிப்பாதை’ என்று வருவாய்ப் பதிவேட்டில் இருக்கும் புறம்போக்கு. மாட்டுவண்டிக் காலத்தில் ஊரையும் ஊரையும், ஊரையும் வயலையும் இணைத்த மண்பாதைகள் இவை. பல இன்னும் தார் காணாமல் இருக்கின்றன. கண்டுபிடிப்பது கடினமில்லை. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும் அதன் எல்லைகளைக் காட்டும் புலப்படமும் கட்டணமின்றிக் கிடைக்கும். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கலாம். அவர் மேசையில் இருக்கும் கிராம வரைபடத்தில் அந்தப் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலை வைத்தே காட்டிவிடுவார்.

புலப்படத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தனக்கென்று ஒரு புல எண்ணோடு, அ-பதிவேட்டில் வண்டிப்பாதை என்று எழுதப்பட்ட துண்டு பொதுப்பாதை. ஒருவரின் பட்டா நிலத்துக்குள் வெறும் கோடாக ஓடும் தடம் அப்படியல்ல. பக்கத்து வயல்காரர் போய்வர அவர் விட்டுவைத்த வழியாக அது இருக்கலாம். வரைபடத்தில் இரண்டும் பாதையாகத்தான் தெரியும், உரிமை வேறு. பொதுப்பாதையாகவே இருந்தாலும் அதில் போய்வரத்தான் உரிமை. பாதையை விட்டு வரப்பின் மேல் ஏறிப் பார்க்க அது அனுமதி ஆகாது.

யாரோ ஒருவர் சரி என்று சொன்னதை அனுமதி என்று எடுத்துக்கொள்வது

டீக்கடையில் ஒருவர் ‘ஓட்டுங்க தம்பி, ஒன்றும் சொல்ல மாட்டாங்க’ என்பார். அவர் நிலத்துக்காரர் இல்லை. நிலத்துக்காரர் என்றே ஒருவர் வந்தாலும் அது பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவாக இருக்கலாம். அண்ணன் சம்மதித்து, தம்பிக்குத் தெரியாமல் போய், நடுவயலில் பங்காளிச் சண்டைக்கு நாம் காரணமாகிவிடக் கூடாது. பட்டாவில் இருப்பது இறந்துபோன தாத்தாவின் பெயராக இருப்பதும் சாதாரணம். நிலம் குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரின் சம்மதம்தான் முதலில் வேண்டும், ஏனென்றால் இழப்பு அவருடையது. கோயில் நிலம் என்றால் பூசாரி சொன்னது போதாது. இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கும் கோயிலானால் செயல் அலுவலரைப் பார்க்க வேண்டும். அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள கோயில்காடுகளை நான் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. ஒரு கிளையைக்கூட ஊர்க்காரர்கள் ஒடிக்காத இடத்தில் நமக்கு என்ன வேலை?

அனுமதியை ஒரு தாளில் வாங்கிக்கொள்வது நல்லது: தேதி, எத்தனை வண்டிகள், எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருவது, சேதம் ஆனால் யார் ஈடு செய்வது. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் இப்படிக் கேட்பவர்களை விவசாயிகள் மதிக்கிறார்கள், அடுத்த முறை அவர்களே அழைக்கிறார்கள். உள்ளே போகும்போது முள் படலைத் திறந்தால், கடைசி வண்டி நுழைந்ததும் ஒருவர் இறங்கி அதை முன்பிருந்த மாதிரியே சாத்த வேண்டும். முன்னால் போனவர் பின்னால் வருபவர் சாத்துவார் என்று நினைப்பார், பின்னால் வருபவருக்குப் படல் இருந்ததே தெரிந்திருக்காது. சாத்தாத படலில் புகுந்த மாடு ஒரு மணி நேரத்தில் ஒரு பாத்திச் சோளத்தை முடித்துவிடும்.

காட்டில் பாதை தெரிந்தால் போகலாம் என்பது

இங்கே தவறினால் விலை அதிகம். கூகுள் வரைபடத்தில் காட்டுக்குள் மெல்லிய கோடு ஒன்று ஓடும். செயற்கைக்கோள் படத்தில் மரங்களுக்கு நடுவே சுத்தமான மண்பட்டை தெரியும். பல நேரம் அது காட்டுத்தீ பரவாமலிருக்க வனத்துறை செதுக்கி வைத்திருக்கும் தீத்தடுப்புக் கோடு. ஜீப் போக அளவெடுத்தாற்போல இருக்கும், ஆனால் அது பாதையே அல்ல. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதே குற்றம். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வரும். அனுமதியின்றி நுழைவதற்கே வழக்குப் பதியலாம், வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அச்சட்டத்தின் பொதுவான அபராத வரம்பு 2022 திருத்தத்தில் 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் ரூபாயாக உயர்ந்தது.

பழைய வீடியோக்களை நம்புவதும் இந்தத் தவறின் ஒரு கிளைதான். எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மேகமலைப் பகுதி 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமானது. காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓட்டிக் காட்டிய பாதை இன்று சரணாலயத்துக்குள் இருக்கலாம். அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்பதே நம்பகமான வழி.

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். குதிரைமொழித் தேரியின் சிவந்த மணல்மேடுகளைப் படத்தில் பார்த்த எவருக்கும் வண்டியை இறக்கத் தோன்றும், ஆசை புரிகிறது. ஆனால் தேரியின் பெரும்பகுதி வனத்துறை வசம் இருக்கிறது. காற்றில் மணல் நகர்ந்து ஊர்களையும் வயல்களையும் மூடாமலிருக்கவே பனையும் முந்திரியும் உடைமரமும் அங்கே வளர்க்கப்பட்டன. அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது வேர்களும் மெல்லிய புல் போர்வையும்தான். சுழலும் சக்கரம் முதலில் கிழிப்பது அதைத்தான்.

இன்னொன்று: காய்ந்த புல்லில் நிற்கும் வண்டியின் சூடான புகைப்போக்கி தீ மூட்டப் போதுமானது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். கோடையில் புல்வெளிப் பக்கமே வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.

கடற்கரையும் நீர்நிலைகளும்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் சனவரி முதல் மூன்று நான்கு மாதங்கள் கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைகள் அளவுக்கு இருக்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வண்டி ஏறினால் மணல் இறுகும். முட்டை தப்பினாலும் ஏறக்குறைய 50 நாள் கழித்து வெளிவரும் குஞ்சு, உள்ளங்கையில் பாதிகூட இல்லாத அந்த உயிர், கடலை நோக்கி ஊர்ந்து போகும் வழியில் சக்கரத்தடத்துக்குள் விழுந்தால் ஏற முடியாமல் தடத்தோடேயே போகும். விடிந்ததும் காக்கையும் நாயும் வந்துவிடும். வண்டி விளக்கின் வெளிச்சம் குஞ்சைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுத்துவிடும். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் மணல்மேடுகளின் இயல்பை மாற்றுவதைத் தடை செய்கிறது. போதாததற்கு, கரை மீனவர்கள் வலை உலர்த்தும், கருவாடு காயவைக்கும் இடம். கடற்கரையில் ஓட்டத்தான் வேண்டுமென்றால் கேரளத்தில் கண்ணூருக்கும் தலச்சேரிக்கும் இடையே முழப்பிலங்காடு இருக்கிறது. மணல் இறுகிய ஏறக்குறைய 4 கிலோமீட்டர்க் கடற்கரையில் வண்டி ஓட்ட முறைப்படி விடுகிறார்கள். மழைக்காலத்தில் விடுவதில்லை, அதை விசாரித்துக்கொண்டு போங்கள்.

ஏரி விஷயத்தில் கரையின் மேல் ஏறுவதுதான் பெருந்தவறு. ஏறி இறங்கிய இடத்தில் பள்ளம் விழும், முதல் பெருமழையில் தண்ணீர் அந்தப் பள்ளத்தையே வழியாக்கிக்கொள்ளும், கரை உடையும். வற்றிய ஏரியின் தரையும் காலியாக இருப்பதில்லை. ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாமல் சரளைக் கற்களுக்கு நடுவே அதே நிறத்தில் முட்டையிடும். பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் உடனே நின்று, வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துவிடுங்கள். ஆற்றுப்படுகையில் குடிநீர்க் கிணறுகள் இருக்கும். அங்கே கசியும் ஒரு சொட்டு ஆயிலும் யாரோ குடிக்கும் தண்ணீரில் சேரும்.

எங்கேதான் ஓட்டுவது?

நல்ல வழி, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு ஓட்டுவது. ஜீப் சங்கங்கள் பல இப்படித்தான் நடத்துகின்றன. புதிதாக வருபவர்கள் அவற்றில் சேர்வதே சிறந்தது, ஏனென்றால் அனுமதி வாங்கும் வேலையையும் சிக்கிய வண்டியை மீட்கும் வேலையையும் தெரிந்தவர்களிடமே கற்கலாம். முறையான பயிற்சி வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்தில் இகத்புரியில் மஹிந்திராவின் பயிற்சிக்கூடம் இருக்கிறது. பைக் ஓட்டுபவர்களுக்குப் பெங்களூருக்கு அருகே கோலாரில் பிக்ராக் டர்ட்பார்க் என்ற பயிற்சிக்களம் இருக்கிறது. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்புகள்தான் போகும், சொந்த வண்டியை விடமாட்டார்கள். அதைக் குறையாக நினைக்காமல் அந்த ஓட்டுநரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் எந்த இடத்தில் எந்த கியர் போடுகிறார் என்று பாருங்கள். காசு கொடுத்தும் கிடைக்காத பாடம் அது.

பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாட்டுக்கு வழக்கமான வாகனக் காப்பீடு பொருந்தாது. போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் பாலிசியின் விலக்குகளை ஒருமுறை வாசித்துவிட வேண்டும். வண்டியில் மாற்றம் செய்திருந்தால் பதிவுச் சான்றிதழில் இருப்பதற்கு முரணாக இருக்கக் கூடாது.

நாள் குறித்த பிறகு முந்தின நாள் மழை பெய்திருந்தால் நிலத்துக்காரருக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிவையுங்கள். அவராக வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார், நாமே சொல்லிவிட வேண்டும். நாலைந்து வண்டிகளுக்கு மேல் கூட்ட வேண்டாம். சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் கருவியும் கயிறும் வைத்திருப்பவர்கள் ஒரு மண்வெட்டியும் வைத்திருங்கள். சிக்கிய வண்டியை எடுத்ததும் அங்கே விழுந்த பள்ளத்தை மூடிவிட்டுத்தான் அடுத்த வண்டி நகர வேண்டும். இடத்தின் புள்ளியைப் படத்தோடு பொதுவெளியில் போடுவதென்றால் அதற்கும் நிலத்துக்காரரிடம் தனியாகக் கேளுங்கள். உங்கள் ஐந்து வண்டிகளுக்கு அவர் கொடுத்த அனுமதி, படம் பார்த்து வரப்போகும் ஐம்பது வண்டிகளுக்கும் சேர்த்துக் கொடுத்தது அல்ல.